வெதர்பி வம்சமும் நம்பர் இல்லாத பேத்தியும்

அலோன், ரங்கூன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ராதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம், கரன்ட் மட்டும் நலமில்லை, வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோராக் குட்டியும் அங்கே நலம் என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறாய், அதனால் பாதிதான் நம்புகிறேன். வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த அம்மா ஏன் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று யோசிக்காதே. போனில் நான் இரண்டு வார்த்தை பேசினால் நீ "சரிம்மா, விடும்மா" என்கிறாய், மூன்றாவது வார்த்தைக்கு இன்டர்நெட் விட்டுவிடுகிறது, இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு செய்கிற மாதிரி. கடிதத்தில் நீ என்னை நடுவில் நிறுத்த முடியாது பார். கீழ்வீட்டு இக்பாலின் மகள் மெஹ்ரீன் புதன்கிழமை பாங்காக் போகிறாள், அங்கிருந்து தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அவசரத் தபாலாகவே போடச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் உங்கள் புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாமே, அதற்குள் உன் கையில் இது கிடைக்க வேண்டும்.

ஊர்ச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. மாடிப்படியில் விளக்கு எரியாததால் உன் அப்பா படியை எண்ணிக்கொண்டே ஏறுகிறார், ஒருநாள் யாரோ பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பி நாலாவது மாடிக்குப் போய் அடுத்தவர் கதவைத் திறக்கப் பார்த்தார். கோவில் கமிட்டியில் செல்லையா மறுபடியும் தலைவராகிவிட்டார், எதிர்த்து நின்றவரும் அவரே நிறுத்தியவர்தான். மொஹிங்கா நூடுல்ஸ் விலை ஏறிவிட்டது, கிண்ணத்தில் மீன் வாசனைதான் இருக்கிறது, மீன் இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், உன் புகுந்த வீட்டு வெதர்பி குடும்பத்துக்குத்தான் தெரியாது, தெரிந்தால் அதையும் ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். சம்பந்தியம்மா கேரொலின் தன் குடும்பத்து வம்ச சரித்திரத்தைப் புதிதாகப் பதிப்பிக்கிறார், அதில் நம்மைப் பற்றியும் போட வேண்டும் என்று ஃபாரமும் மாதிரிப் பக்கங்களும் மாப்பிள்ளை மூலம் அனுப்பியிருந்தாரே, அதை உன் அப்பா படகுத்துறைப் பக்கத்துக் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் வாசித்து அர்த்தம் சொல்வார், நான் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பேன், இந்த வயதில் எனக்குப் புராணம் கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறது. இசக்கியேல் வெதர்பி என்பவர் ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் நீ இருக்கிற நாட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறார். கப்பல் செலவுக்குப் பதிலாக ஏழு வருஷம் ஒரு மாவு மில்காரரிடம் உழைக்கிறேன் என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார். இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்றேன், உன் அப்பாவும் சிரித்துவிட்டார், அவருடைய தாத்தா, வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி பின்னால் கப்பலேறி வந்த கதையும் இதுதானே. ஆனால் இசக்கியேல் வந்தால் குடியேறிய முன்னோர், நம் ஆள் வந்தால் கூலி. அவர் இறங்கிய கரையில் பெயர் பொறித்த கல் நட்டிருக்கிறார்களாம், நம் ஆள் இறங்கிய கரையில் கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். இத்தனை நூறு வருஷத்தில் அவருடைய வாரிசுகளில் ஒருத்தரையாவது, நீங்கள் சொந்த ஊருக்கு எப்போது போவீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா. உன் அப்பாவைப் போன வாரம்கூட டாக்ஸிக்காரன் கேட்டான், இந்தியாவில் எந்த ஊர் என்று. அலோன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கரையில் இசக்கியேலுக்கு முன்னாலேயே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன், பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், நிலம் சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். சுத்தம் என்றால் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது.

அப்புறம் பெண்சாதிகள். இசக்கியேலின் பெண்சாதி மேரி, பிறந்த வீட்டுப் பெயர் தெரியவில்லை. அவர் மகனின் பெண்சாதி மேரி, வீட்டுப் பெயர் தெரியவில்லை. பேரனுக்கு இரண்டு பெண்சாதி, ஒருத்தி ஹேன்னா, இன்னொருத்தி யார், மேரி, வீட்டுப் பெயர் தெரியவில்லை. பத்தும் பன்னிரண்டுமாகப் பெற்றுப்போட்ட மகராசிகள், எந்த வீட்டுப் பெண் என்று ஒருத்தருக்கும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. ஆனால் இசக்கியேல் வைத்திருந்த பசுவுக்குப் பெயர் இருக்கிறது, செர்ரி என்று, உயிலில் எழுதியிருக்கிறாராம், அதையும் சம்பந்தியம்மா தவறாமல் போட்டிருக்கிறார். அந்த வீட்டில் மருமகளாகப் போவதைவிட மாடாகப் போயிருக்கலாம் என்று நான் சொன்னதற்கு உன் அப்பா, ராதாவுக்கு எழுதும்போது இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.

நமக்கு அனுப்பிய ஃபாரமும் ஒரு வேடிக்கை. முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று பெட்டி. உன் அப்பாவுக்கு வீட்டில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் பர்மாப் பெயர் ஒன்று, இரண்டையும் மூன்று பெட்டியில் எப்படிப் பிரித்துப் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தார், கடைசியில் நடுப்பெட்டியில் கோடு இழுத்துவிட்டார். எத்தனை தலைமுறை தெரியுமோ அத்தனையும் எழுதவும் என்று கீழே கனிவாகக் குறிப்பு வேறு. எங்களுக்கு மூன்று தலைமுறை தெரியும், அதற்கு மேல் போனால் கடல்தான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், உங்கள் குடும்பப் பக்கம் வரும் வரைக்கும். வம்சத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் வரிசையாக நம்பர் போட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை நேதனுக்கு ஒரு நம்பர், அவர் அக்காவுக்கு ஒரு நம்பர், அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் நம்பர். உனக்கு நம்பர் இல்லை, அது போகட்டும், மருமகள்களுக்கு அங்கே எப்போதும் நம்பர் கிடையாது, உன் பெயரும் ஊருமாவது போட்டார்களே என்று செர்ரியை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள். உங்கள் இரண்டு பேருக்கும் கீழே நோரா. அவள் பெயர் சின்ன எழுத்தில், பக்கத்தில் தத்து என்று அடைப்புக்குறி, நம்பர் போடுகிற இடம் வெறும் வெள்ளை. அப்பா அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அர்த்தம் சொல்லவில்லை. நானே பார்த்துப் புரிந்துகொண்டேன், அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. உனக்குப் போன் செய்து கேட்டால் நீ என்ன சொன்னாய், "பரவாயில்லம்மா, ஒரு நம்பர்தானே, ரத்த சொந்தத்துக்குத்தான் நம்பர்ங்கிறது அவங்க ரூல், நேதன்கூட அது அம்மாவோட பொழுதுபோக்கு, விட்டுருன்னு சொல்லிட்டார்" என்றாய். ரொம்பப் பெருந்தன்மையான மாப்பிள்ளை, தனக்கு நம்பர் இருக்கும்போது விட்டுக்கொடுப்பது சுலபம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நீ பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய், நான் இருபது வருஷம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவள், நீ எதற்குக் குழாய் திறப்பாய் என்று எனக்குத் தெரியாதா.

சம்பந்தியம்மாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நோராவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார், ஸ்வெட்டர் பின்னிப் போடுகிறார், எல்லாம் சரி. ஆனால் யாரோ என்றைக்கோ போட்ட விதியை நம் செல்லையா கமிட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறார். ரத்தமாம். பாதி ரத்தம் எந்த வீட்டு மேரியிடமிருந்து வந்தது என்றே தெரியாத புத்தகம், ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் ரத்தத்துக்குச் சாட்சி கேட்கிறது. இந்தப் புத்தகம் அந்த ஊர் லைப்ரரியில் இருக்குமாம். நாளைக்கு நோரா எழுத்துக் கூட்டி வாசிக்கிற வயதில் போய் எடுத்துப் பார்ப்பாள், அத்தை பிள்ளைகளுக்கெல்லாம் நம்பர் இருக்கும், தனக்கு இருக்காது. அப்போதும் பரவாயில்லை என்று சொல்லிக் குழாயைத் திறப்பாயா.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், அதை நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ பலமாகச் சண்டை போடாததற்குக் காரணம் சம்பந்தியம்மா இல்லை, உன் அப்பா. நோராவை வீட்டுக்கு எடுத்து வந்த அன்றைக்கு நீ போன் செய்தாய், தீயணைப்பு நிலையத்து வாசலில் யாரோ விட்டுப்போன பிள்ளை, இனி எங்கள் பிள்ளை என்று சொன்னாய், உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து நீ பிள்ளையை எனக்கு மட்டும்தான் காட்டுகிறாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்கூட "அம்மா, போனை நீங்க பிடிங்க" என்கிறாய். சொந்தத் தாத்தாவே ஏற்காதபோது அடுத்தவரிடம் என்ன நியாயம் கேட்பது என்று மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி, கேட்டால் அவரும் ஒன்றுமில்லை என்கிறார், நீயும் ஒன்றுமில்லை என்கிறாய். நல்ல வம்சம்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன், இது உனக்குப் பாதிதான் தெரியும். இன்சீனில் ஹமீதுன்னிசா அம்மாவை நீ உம்மம்மா என்று கூப்பிடுவாய், பெருநாளைக்கு உனக்குத் துணி வரும், அக்கம்பக்கத்துப் பாசம் என்று நினைத்திருப்பாய். உன் அப்பாவுக்கு முன்னால் உன் அப்பாயி ஜெயம்மாவுக்கு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவது உன் அப்பா. இந்தப் பிள்ளையும் தன்னுடையது என்று தெரிந்தால் எமன் விடமாட்டான் என்று பயந்து, நம் ஜனங்கள் செய்கிற வழக்கப்படி, பிறந்த மூன்றாம் நாள் பிள்ளையை முறத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போய், ரயில்வே குவார்ட்டர்ஸில் பின்கட்டு வீட்டிலிருந்த ஹமீதுன்னிசாவிடம் விற்றுவிட்டார். விலை ஒரு படி தவிடு. ஹமீதுன்னிசா தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "இனி இது எம்புள்ள, நீ பாலு கொடுக்குற ஆயா, ஒழுங்கா வளத்துக் கொடு" என்று சத்தமாகச் சொன்னாராம், எமன் காதில் விழ வேண்டுமே. எமன் கேட்டுக்கொண்டான் போலிருக்கிறது, பிள்ளை பிழைத்துக்கொண்டது. விற்ற பிள்ளையைப் பிறகு ஒரு நல்ல நாளில் புதுப்புடவையும் தவிடும் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும், முடியிறக்கும்போதோ, பள்ளிக்கூடம் போகும்போதோ. ஜெயம்மா இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனார், கையில் பிள்ளை இருக்கிறதே, என்ன அவசரம் என்று. அதற்குள் அவரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மீட்கவே இல்லை. அப்புறம் சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, அடித்து, ஆளாக்கியது எல்லாம் ஹமீதுன்னிசாதான், உன் அப்பாவைப் பெற்ற சுப்பிரமணியம் தாத்தாவுக்கு ரயில்வே பட்டறை வேலை விட்டால் வேறென்ன தெரியும்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாயார் யார், புடவை கொடுக்க வாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டார். சொந்தக்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள். மண்டபத்து வாசலில் முக்காடு போட்டு நின்றிருந்த ஹமீதுன்னிசா அங்கிருந்தே, "தவிடு கொடுத்து வாங்குனது நான். மீட்டுக்கிட்டுப் போனவங்க யாராச்சும் இருந்தா முன்னாடி வரச் சொல்லு" என்றார். சுப்பிரமணியம் தாத்தாதான் முதலில் சிரித்தார், "அது சரிதானே, எம்பொஞ்சாதி மறந்துட்டுப் போயிட்டா" என்று. என் கூறைப்புடவையை என் கையில் கொடுத்தவர் ஹமீதுன்னிசா. அவர் சாகும் வரைக்கும் உன் அப்பாவை யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆக, சம்பந்தியம்மாவின் விதிப்படி உன் அப்பாவுக்கே நம்பர் கிடையாது, அவருக்குக் கீழே உனக்கும் கிடையாது, நம் வீடே வெள்ளைக் காகிதம்தான்.

நீ போன் செய்த அன்றைக்கு உன் அப்பா எழுந்து எங்கே போனார் என்று கேட்டாயா. வராந்தாவில் நின்று துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். நான் போய் நின்றதும் "புஷ்பா, என்னைய வாங்குன மாதிரியே ராதா வாங்கியிருக்கா" என்றார். மகளிடம் அழுவதைவிடக் கோபக்காரர் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைக்கிற ஆண்பிள்ளை, என்ன செய்யச் சொல்கிறாய். அதற்குப் பிறகு நீ போனை என் பக்கமே திருப்பவும், ராதாவுக்கு என் மேல் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் படித்தவர்கள்.

போன வியாழக்கிழமை ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலேறி இன்சீன் போனார், ஹமீதுன்னிசாவின் மகன் ஜுல்ஃபிகரிடம் ஃபாரத்தில் போடுவதற்கு உம்மா பிறந்த வருஷத்தைக் கேட்டு வர. ஜுல்ஃபிகர் மார்க்கெட்டில் லுங்கிக் கடையைப் பாதியில் விட்டுவிட்டு இவரை டீக்கடைக்கு இழுத்துப்போய், "எங்க உம்மா பேரப் போடாம அந்தத் தாள அனுப்புன, அலோனுக்கு வந்து உன் கழுத்தப் புடிப்பேன்" என்றாராம். ஃபாரத்தில் தாயார் என்ற ஒரே பெட்டியில் உன் அப்பா ஜெயம்மா, ஹமீதுன்னிசா என்று இரண்டு பெயரும் எழுதிவிட்டார், இடம் போதாமல் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. சம்பந்தியம்மா முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நேற்றுத்தான் உன் அப்பா முதல் பக்கத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இசக்கியேலின் தாய் தகப்பன் யார், பிறந்த ஊர் எது என்று யாருக்கும் தெரியாதாம். சம்பந்தியம்மா மூன்று தடவை இங்கிலாந்து போய் ஒவ்வொரு மாதாகோவில் பதிவேடாகத் தேடியும் அகப்படவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படி யாருடைய பிள்ளை என்றே தெரியாத அந்த மனுஷனுக்கு என்ன நம்பர் தெரியுமா, ஒன்று. எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, அதனால் அவரிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள். நோரா எங்கிருந்து வந்தாள் என்றும் தெரியாது, அவளோடு முடித்துவிடுகிறார்கள். இது என்ன கணக்கு என்று உன் அப்பா கேட்கிறார், சம்பந்தியம்மாவிடம் கேட்டுச் சொல். மரியாதையாகக் கேள், உனக்கு இங்கிலீஷ் எனக்குத் தமிழ் வருகிற மாதிரி வருகிறது, இந்த ஒரு தடவையாவது அது பிரயோஜனப்படட்டும். நம்பர் போட்டால் சந்தோஷம், பெரிய மனசு என்று சொல்லி ஒரு நமஸ்காரம் போடு. போடமாட்டேன் என்றால் எங்கள் பெயர்களை எடுத்துவிடச் சொல், உன் பெயரையும் எடுத்துவிடச் சொல், மாப்பிள்ளை தன் நம்பரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் தனியாக இருக்கட்டும், அப்போது அவருக்கும் அது பொழுதுபோக்கா இல்லையா என்று தெரியும். இரண்டில் ஒன்று செய். பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே, பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மற்றபடி நோராவுக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் வெயிலில் விடாதே. சோற்றைப் பிசைந்து கையால் ஊட்டு, அந்த நாற்காலியில் கட்டிப்போட்டு ஸ்பூனைக் கையில் கொடுத்தால் அவள் முகத்துக்குத்தான் ஊட்டுகிறாள், வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை. ஒரு ஜோடி கருவளையல் மெஹ்ரீனிடம் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வந்தால் போட்டு போட்டோ அனுப்பு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, சம்பந்தியம்மாவிடம் பேசப் போகும் அன்றைக்கு முக்கியமாகச் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் பேசினால் நீ அழுதுவிடுவாய். ஃபாரம் இத்துடன் இருக்கிறது, அதில் நோரா பெயரையும் சேர்த்து, எங்கள் பேத்தி என்று அப்பா கைப்பட எழுதியிருக்கிறார், அதை அப்படியே கொடு, திருத்தி அழகாக டைப் அடிக்கிறேன் என்று கிளம்பாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், இங்கே நம் காளியம்மனும் இன்சீனில் ஜுல்ஃபிகர் ஓதுகிற துஆவும் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உன் அம்மா,
புஷ்பலதா

உன் அப்பாவையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். நீயே எழுதிவிடு என்றார். பேனாவைக் கையில் திணித்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தால் இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்:

ராதா, அடுத்த தடவை பேசும்போது பிள்ளையை என் பக்கம் திருப்பு. நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.
அப்பா